மேல் துண்டும் அடித் துண்டும்

மணி பத்து இருபது ஆகிறது, துண்டில் இன்னும் கோடு தெரிகிறது. உப்புத்தாளில் ஒரே திசையில் தேய்த்து, அடுத்த தாளுக்குப் போகும்போது துண்டைக் கால் வட்டம் திருப்பிப் பிடித்து, பழைய கோடு மொத்தமும் போகும்வரை தேய்க்க வேண்டும், இதைத்தான் பாலிடெக்னிக்கில் பதினாறு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன், அவசரப்படாதீர்கள் என்று மேசையைத் தட்டிச் சொல்கிறேன், இப்போது என் விரல் பறக்கிற பறப்பைப் பார்த்தால் அத்தனை பேரும் சிரிப்பார்கள். ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய அலுமினிய வில்லை. வெறும் அலுமினியம் இல்லை, உள்ளே நூற்றுக்குப் பத்துப் பங்கு சிலிக்கன் கார்பைடு தூள் இருக்கிறது, இந்த உப்புத்தாளில் ஒட்டியிருக்கிற அதே கறுப்புத் தூள்தான், அதனால்தான் இந்தச் சனியன் லேசில் தேய மாட்டேன் என்கிறது. மெத்தென்ற அலுமினியத்துக்குள் இந்தக் கெட்டித் தூளை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பரப்பிவிட்டால் எடை கூடாமலே உலோகம் உறுதியாகும், பிரேக் டிஸ்க்குக்கு ஆகும், பிஸ்டனுக்கு ஆகும். பரப்பிவிட்டால். அந்த ஒரு சொல்லுக்காக வேலை பார்த்துக்கொண்டே, வீட்டையும் பார்த்துக்கொண்டே, ஏழு வருஷமாகப் பகுதிநேர ஆராய்ச்சி மாணவி என்ற அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் பஸ் பிடித்து இந்த லேபுக்கு வருகிறேன். நாற்பத்து மூன்று வயதில் மாணவி. அட்டையில் இருக்கிற போட்டோவில் எனக்கு நரையே இல்லை.

திங்கட்கிழமை டாக்டர் பட்டக் குழு கூடுகிறது. ஏழு வருஷ வேலையையும் அன்று அவர்கள் முன்னால் வைத்துப் பேசி ஒப்புதல் வாங்க வேண்டும், அதற்கு அச்சான கட்டுரை இரண்டு கையில் இருக்க வேண்டும், இந்த மாதத்தோடு என் பதிவுக் காலமும் முடிகிறது. கட்டுரை இரண்டு இருக்கிறது. ஆனால் முதல் கட்டுரையில் ஒரு படம் இருக்கிறது, மைக்ரோஸ்கோப்பில் எடுத்தது, வெளிர் சாம்பல் அலுமினியத்தில் கறுப்புத் துகள்கள் அங்கொன்று இங்கொன்றாக, எறும்புகூடப் புகுந்து போகலாம் என்கிற மாதிரி இடைவெளி விட்டு அழகாகப் பரவியிருக்கும், கீழே நான் எழுதியிருப்பேன், துகள்கள் சீராகப் பரவியுள்ளன. அந்தப் படத்துக்குப் பிறகு எட்டு முறை வார்த்தேன், எட்டு முறையும் அந்த மாதிரி வரவில்லை. எட்டுத் தடவை வராதது முதல் தடவை மட்டும் எப்படி வந்தது? எனக்குத் தெரியும் எப்படி வந்தது. அன்று மைக்ரோஸ்கோப்பின் திருகை இருபது நிமிஷம் உருட்டிக்கொண்டிருந்தேன், இங்கே கட்டி, அங்கே காலி, கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் மேலே, ஆங், இங்கே. நல்ல இடமாப் பாத்து எடும்மா என்று குழந்தைவேலு சார்தான் சொன்னார், என் கைடு, அவர் தவறான மனிதர் இல்லை, அவருக்கும் அவருடைய கைடு அப்படித்தான் சொல்லியிருப்பார். பெண் பார்க்க அனுப்புகிற போட்டோ மாதிரி, எல்லோரும் பக்கவாட்டில் திரும்பி நல்ல கன்னத்தைக் காட்டுகிறோம், பார்க்கிறவர்களுக்கும் அது தெரியும் என்று ஒரு ஆறுதல். எனக்கு அந்த ஆறுதல் போய் இரண்டு வருஷம் ஆகிறது. என் பெண் ஒன்பதாம் வகுப்பு, போன மாதம் கேட்டாள், அம்மா, நீ அப்படி என்னதான் கண்டுபிடிச்சே, எங்க மிஸ்கிட்டச் சொல்லணும். நான் அந்தப் படத்தைத்தான் எடுத்துக் காட்டினேன், காட்டும்போதே காது சூடாகிவிட்டது.

அறுநூறு நம்பர் தாள் முடிந்தது. தண்ணீரில் கழுவி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறேன், பரவாயில்லை. ஆயிரம் நம்பர் தாளை எடுத்துக் கண்ணாடிமேல் ஒட்டுகிறேன். கையில் இருப்பது மேல் துண்டு. தாள் எல்லாம் முடிந்து மேசைமேல் ஈரத் துணியில் காத்திருப்பது அடித் துண்டு. முதல் வார்ப்பில் ஒரு சாண் நீளக் கம்பியாக வந்த வார்ப்படத்தில் நடுவிலிருந்து ஒரே ஒரு வில்லைதான் அன்று அறுத்தேன், அதுதான் படத்தில் இருப்பது, மேலேயும் கீழேயும் எப்படி இருக்கிறது என்று பார்க்கவே இல்லை, படம் கிடைத்த சந்தோஷத்தில் பார்க்கத் தோன்றவில்லை, இல்லை, தோன்றியது, பார்க்கப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை. மிச்சமிருந்த மேல் பாதி சாருடைய மேசையில் பேப்பர் வெயிட்டாகவும் அடிப் பாதி இந்த லேபின் ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டாகவும் கிடந்தன. புதன்கிழமை போய்க் கேட்டேன். எதுக்கும்மா இப்போ என்றார் சார். சும்மா பாக்கணும் சார் என்றேன். பாத்து என்ன ஆகப்போவுது, அந்தப் பேப்பர் வந்து மூணு வருஷமாச்சு என்று சொல்லிக்கொண்டே கொடுத்தார், அவர் குரலில் ஒரு எச்சரிக்கை இருந்ததா அல்லது எனக்குத்தான் அப்படிக் கேட்டதா. இரண்டையும் நேற்று அறுத்தாயிற்று, இன்று தேய்த்துக்கொண்டிருக்கிறேன், பதினொன்றரைக்குள் தெரிந்துவிடும். மேல் துண்டு காலியாகவும் அடித் துண்டில் தூள் குவிந்தும் இருந்தால் என் படம் நடுவில் எங்கேயோ அகப்பட்ட அதிர்ஷ்டம், சீராகப் பரவியுள்ளன என்பது பொய், கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று நான்தான் கடிதம் எழுத வேண்டும். எழுதினால் கையில் ஒன்றுதான் மிஞ்சும், பதிவு முடியும், ஏழு வருஷம் முடியும். எழுதாவிட்டால் யாருக்கும் தெரியாது.

யாருக்கும் என்றால் என்னைத் தவிர. விரலைக் கொஞ்சம் தளர்த்து, அழுத்தினால் துகள் பிடுங்கிக்கொண்டு வந்து குழி விழும், அப்புறம் குழியைத் துகள் என்று எண்ணிக்கொண்டிருப்பாய். எட்டு வார்ப்பு. மூன்றாவதிலிருந்து பத்தாவது வரை. இரண்டாவதை எண்ணவில்லை, இரண்டாவதை நினைக்கவும் வேண்டாம். மூன்றாவதில் மேலே காலி, அடியில் கும்பல். நாலாவதில் கலக்கும் வேகத்தைக் கூட்டினேன், ஈயம் பூசின பாத்திரத்தில் மோர் சிலுப்புகிற மாதிரி சுழித்தது, சுழி வழியாகக் காற்றை இழுத்து வார்ப்பெல்லாம் ஓட்டை. ஐந்தாவதில் தூளைத் தொள்ளாயிரம் டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட வைத்தேன், ஈரம் போய்த் தூள் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர்ந்தது, கட்டி பாதியாகக் குறைந்தது. ஆறாவதில் மக்னீசியம் ஒரு துளி கூடுதல், அலுமினியத்துக்கு இந்தத் தூளை நனைக்கவே பிடிக்காது, தாமரை இலைத் தண்ணீராக விலகி நிற்கும், மக்னீசியம் போட்டால் கொஞ்சம் இறங்கி வரும், இறங்கி வந்தது. ஏழாவதில் தூளை ஒரேயடியாகக் கொட்டாமல் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டேன், உப்புமாவுக்கு ரவை போடுகிற மாதிரி, கட்டியே இல்லை. கட்டியே இல்லை, ஆனால் மேலே ஒன்பது துகள், அடியில் நூற்றுப் பத்து. எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது, வெப்பத்தை மாற்றினேன், கலக்கும் இறக்கையின் கோணத்தை மாற்றினேன், ஒவ்வொரு மாற்றத்துக்கும் உலோகம் நல்லபடியாகப் பதில் சொன்னது, அந்த ஒன்றுக்கு மட்டும் சொல்லவில்லை. மேலே காலி, அடியில் கும்பல். நோட்டைத் திறந்து வைத்து எத்தனை முறை பார்த்திருப்பேன், முதல் வார்ப்பில் எழுநூற்றைம்பது டிகிரி, மூன்றாவதிலும் அதுதான், பத்து நிமிஷம் கலக்கல், அதுவும் அதுதான், அச்சு இருநூற்றைம்பது டிகிரி, அதுவும், கலக்கி முடிந்ததும் உடனே வார்க்கப்பட்டது, அதுவும். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் ஒரு எழுத்து வித்தியாசம் இல்லை. அப்படியானால் மூன்றாவது எப்படியோ முதலாவதும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், நான்தான் நல்ல கன்னத்தைக் காட்டியிருக்கிறேன். யோசித்து யோசித்து இங்கேயேதான் வந்து நிற்கிறேன், ஒவ்வொரு முறையும்.

கதவு திறக்கிற சத்தம். அறிவழகன். இந்த லேபின் டெக்னீஷியன், பொள்ளாச்சிப் பக்கம், என்னைவிட நாலைந்து வயது இளையவர், உலையை ஏற்றுவதிலிருந்து இறக்குவதுவரை ஒன்பது வார்ப்பிலும் என் பக்கத்தில் நின்றவர், பத்திலும்தான், இரண்டாவதிலும்தான். "இன்னும் முடியலீங்களா மேடம்? நானு வேணா தேய்க்கட்டுங்களா?" வேண்டாம் என்கிறேன். அவர் உலைப் பக்கம் போய் எதையோ நகர்த்துகிறார், லேசாக இடது காலைச் சாய்த்து நடக்கிறார், அதைப் பார்க்கக் கூடாது என்று தலையைக் குனிந்துகொள்கிறேன், பார்க்கவில்லை என்றாலும் காதுக்குத் தெரிகிறது, ஒரு காலடி அழுத்தம், ஒரு காலடி மெது. சாய்வு மற்றவர்களுக்குத் தெரியாது. குணமாகிவிட்டது, ஒரு வருஷத்திலேயே நன்றாகிவிட்டது என்று அவரே சொன்னார்.

இரண்டாவது வார்ப்பு. நினைக்க வேண்டாம் என்றால் அதுதான் வரும். கார்த்திகை மாதம், மூன்று நாள் விடாத மழை, ஈரம் போக அச்சை ஹீட்டரில் வைப்பது என் வேலை. வைக்கப் போகும்போது என் பெண்ணின் பள்ளியிலிருந்து போன், பிள்ளைக்குக் காய்ச்சல், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று. பேசிவிட்டு வந்து நின்றேன். அச்சு ஆச்சுங்களா மேடம் என்று அறிவழகன் கேட்டார், ஆச்சு என்று சொன்னேன். எனக்கு ஆனதாகவே ஞாபகம். ஒரு மனசு இன்னொரு மனசுக்கு எவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லிவிடுகிறது. அவர் அடிக்கதவின் நெம்புகோலை இழுத்தார், உலையின் அடி திறந்து உருகிய அலுமினியம் ஈர அச்சுக்குள் இறங்கியது, ஒரு விநாடி ஒன்றுமில்லை, அப்புறம் வெடி. ஒரு நெல் அளவு துளிதான், பூட்ஸின் வாய் வழியாக உள்ளே போயிற்று. அவர் கத்தவில்லை, உட்கார்ந்துவிட்டார். இருபது நாள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தார். விசாரித்தவர்களிடம், நான்தாங்க அச்சைத் தொட்டுப் பாக்காம இழுத்துட்டேன் என்று சொல்லியிருக்கிறார். நான் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய் நின்றபோது, காலை விடுங்க மேடம், வார்ப்பு வீணாப் போச்சே என்றார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை எனக்கு. இன்றுவரை கேட்கவில்லை. பதினாறு வருஷம் பாடம் நடத்துகிற வாய்.

ஆயிரமும் முடிந்தது. இனி வெல்வெட் துணி, சுற்றுகிற தட்டு, டைமண்ட் பேஸ்ட் ஒரு பொட்டு. தட்டு சுற்றுகிறது, வில்லையை லேசாக வைத்துச் சுற்றுக்கு எதிராக நகர்த்துகிறேன். இந்தக் கட்டம் எனக்குப் பிடிக்கும், எவ்வளவு மனக்கஷ்டம் இருந்தாலும் பிடிக்கும், சாம்பலாக இருந்த முகம் பத்து நிமிஷத்தில் கண்ணாடியாகி அதில் ட்யூப் லைட் விழும், என் மூக்கு விழும். போன் அடிக்கிறது. சார். ஈரக் கையோடு ஸ்பீக்கரில் போடுகிறேன். "என்ன பூங்கோதை, ஸ்லைடெல்லாம் ஆச்சா? அந்தப் படம் முதல் ஸ்லைடுலயே வரட்டும், பெருசா." பாக்கறேன் சார் என்கிறேன். "பாக்கறதுக்கு என்ன இருக்கு? நீ ஏதோ மனசுல போட்டுக் கொழப்பிக்கறேன்னு தெரியுது. திங்கட்கிழமை தாண்டட்டும், அப்புறம் எல்லாம் ஆராய்ச்சி பண்ணலாம். என் மேசைல பேப்பரெல்லாம் பறக்குது, சீக்கிரம் கொண்டாந்து வை." அறுத்துவிட்டேன் என்று சொல்லவில்லை. வைத்துவிட்டார். தாண்டட்டும். எல்லோரும் எதையாவது தாண்டட்டும் என்று காத்திருந்துதான் கிழவர்களாகிறோம். அவர் மேல் எனக்கு எரிச்சல் வருகிறது, உடனே அவர் ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம்தான், நான்தான் அவருடைய கடைசி மாணவி என்பதும் ஞாபகம் வருகிறது, எரிச்சல் பாதியில் நின்றுவிடுகிறது.

மேல் துண்டைக் கழுவி, ஆல்கஹால் விட்டு, விசிறிக் காற்றில் காயவைத்து மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தேன். வைக்கும் முன்பே எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன், நடுவில் ஒன்று, மேலே கீழே இடது வலது ஒவ்வொன்று, ஐந்து இடம், திருகைக் கண் மூடிக்கொண்டு எண்ணி உருட்ட வேண்டும், விழுகிற இடம் விழட்டும், கட்டியோ காலியோ. நடுவில் கண்ணை வைத்தேன். பார்த்தேன். வெளிர் சாம்பல். துகள். துகள். இன்னொன்று. எண்ணினேன், நாற்பத்தொன்று. திருப்பி எண்ணினேன், நாற்பத்தொன்றுதான். கண்ணை மூடித் திருகை ஆறு சுற்று, திறந்தால் முப்பத்தெட்டு. எதிர்ப்பக்கம் நாற்பத்து நாலு. இடது நாற்பது. வலது முப்பத்தொன்பது. மேல் துண்டு காலியாக இல்லை. சந்தோஷப்படாதே, அடித் துண்டு இருக்கிறது, அடியில் நூற்று இருபது இருந்தால் இதெல்லாம் ஒன்றுமில்லை, சந்தோஷப்படாதே என்று சொல்லிக்கொண்டே அடித் துண்டைத் துணியில் வைத்து, பாதியில் பேஸ்ட் தீர்ந்து, புது ட்யூபின் மூடி திறக்காமல், பல்லால் கடித்துத் திறந்து, கசப்பு, தேய்த்து, கழுவி, காய்ந்தும் காயாமலும் வைத்தேன். நாற்பத்தைந்து. நாற்பத்து மூன்று. நாற்பது. நாற்பத்தேழு. நாற்பத்திரண்டு. அடியில் இரண்டு மூன்று அதிகம், இருக்கட்டும், எந்த உலோகமும் அவ்வளவு யோக்கியம் இல்லை. கட்டிகள் உண்டு, ஒரு இடத்தில் ஆறேழு துகள் கூடி உட்கார்ந்திருக்கிறது, அன்றைக்கு நான் இருபது நிமிஷம் உருட்டியது இந்தக் கட்டிகளிடமிருந்து தப்பிக்கத்தான். கட்டியை மறைத்தேன், அது என் தப்பு. ஆனால் மேலும் கீழும் ஒன்றாகத்தான் இருக்கிறது. சீராகப் பரவியுள்ளன. நான் பொய் எழுதவில்லை. இரண்டு வருஷமாக என்னை நானே திருடி திருடி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், பஸ்ஸில், சமையலறையில், வகுப்பில் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்தேன். பேஸ்ட் பட்டு எரிந்தது, எரியட்டும் என்று இருந்துவிட்டேன்.

அறிவழகன் டம்ளரில் தேநீரோடு வந்து நிற்கிறார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் குனிந்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார், அவருக்கும் இது பத்து வார்ப்பின் கதை. "நல்லாத்தான இருக்குதுங்க. இது எந்த வார்ப்புங்க?" முதலாவது என்றேன், மேலும் கீழும் ஒரே மாதிரி இருக்கிறது, படம் சரி என்றேன், சொல்லும்போதே சந்தோஷத்தின் அடியில் அடுத்த கேள்வி வந்து மாட்டிக்கொண்டது. படம் சரி என்றால் எட்டும் ஏன் தப்பு? முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் ஒரு எழுத்து வித்தியாசம் இல்லை. அதே வெப்பம், அதே கலக்கல், அதே அச்சு. அறிவழகன் தேநீரை என் பக்கம் தள்ளிவிட்டு லேசாகச் சிரித்தார்.

"சாமி கும்புடாம ஊத்துனது ஒண்ணு நல்லா வந்துருக்குது. கும்புட்டு ஊத்துனது எட்டும் கெட்டுப் போச்சு. என்னத்தைச் சொல்றதுங்க."

கேலியாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் எங்கேயோ தட்டி நின்றது. சாமி கும்பிடாமல். மூன்றாவது வார்ப்பிலிருந்து ஒவ்வொரு முறையும் கலக்கி முடிந்ததும் கலக்கியை நிறுத்தி மேலே தூக்கிவிட்டு, அடிக்கதவைத் திறக்கும் முன் உலைக்குக் கற்பூரம் காட்டுகிறோம். தட்டை எடுத்து, கற்பூரத்தைப் பிரித்து, விசிறியை அணைத்து, தீப்பெட்டி ஈரமாக இருந்தால் இன்னொரு குச்சி, மூன்று சுற்று, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கற்பூரம் மலையேறும்வரை நின்று, விசிறியைப் போட்டு, நெம்புகோல். எவ்வளவு நேரம் அது? நோட்டில் எழுதியிருக்கிறேன், கலக்கி முடிந்ததும் உடனே வார்க்கப்பட்டது. உடனே. எட்டு முறையும் உடனே என்றுதான் எழுதியிருக்கிறேன், மனசறிந்து பொய் இல்லை, சாமி கும்பிடுகிற நேரத்தை யார் நேரமாக எண்ணுகிறார்கள், வீட்டில் சமையல் எத்தனை மணிக்கு முடிந்தது என்று கேட்டால் விளக்கேற்றிய நேரத்தைச் சேர்த்தா சொல்கிறோம்.

"அறிவழகன், கற்பூரம் காட்டி முடிக்க எவ்வளவு நேரமாகும்?"

"அது ஒரு மூணு நிமிஷம் ஆகுங்க. விசிறிய அணைக்கோணும், போடோணும்."

மூன்று நிமிஷம். துகள் அலுமினியத்தைவிடக் கனம். கலக்கி நின்றால் இறங்கும், பாயசத்தில் கரண்டி நின்றால் ஜவ்வரிசி இறங்குகிற மாதிரி. காகிதத்தை இழுத்துக் கணக்குப் போட்டேன், துகளின் அளவு, கனம், உருகிய உலோகத்தின் கொழகொழப்பு, பாலிடெக்னிக் பையனுக்குத் தெரிந்த கணக்குத்தான், நிமிஷத்துக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் வந்தது, நெரிசலில் ஒன்றையொன்று தடுக்கும், பாதியாகவே வைத்துக்கொண்டாலும் மூன்று நிமிஷத்தில் உலோகம் உருகுகிற மூசையில் பாதி ஆழம் இறங்கிவிடும். இறங்கினது அடியில் கூடும், அடிக்கதவு திறந்ததும் கூடினது முதலில் விழும், அச்சின் அடியில் கும்பல், மேலே காலி. எட்டு முறை. வேகத்தை மாற்றினேன், தூளைச் சுட்டேன், மக்னீசியம் போட்டேன், சிட்டிகை சிட்டிகையாகப் போட்டேன், எல்லாவற்றையும் மாற்றிய நான் அந்த மூன்று நிமிஷத்தை மட்டும் எட்டு முறையும் பயபக்தியோடு அப்படியே வைத்திருந்தேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்புறம் சங்கடமாக இருந்தது, இதை எப்படி இவரிடம் சொல்வது, கால் வெந்த மனிதர், பயத்தில் சாமியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், அதை என் வாயால் எப்படி நிறுத்தச் சொல்வது.

"உங்க மனசு கஷ்டப்படக் கூடாது," என்று ஆரம்பித்தேன். "கற்பூரத்தைக் கலக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே காட்டிடலாமா? கலக்கி நிறுத்தினதும் ஒரு விநாடிகூட நிக்கக் கூடாது."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எனக்கென்னங்க கஷ்டம்? காட்டாமயே உட்டாலும் சரிதானுங்க. எங்க வூட்ல சாமி படமே கெடையாதுங்க மேடம். எங்கப்பா எங்களக் கோயிலுக்கே உட்டதில்ல."

"அப்புறம் ஏன் இத்தனை நாளும்?"

"நீங்கதானுங்க கற்பூரம் வாங்கியாந்து மேசை மேல வெச்சீங்க. அந்த வெடிக்கு அப்புறம் உங்களுக்குக் கை நடுங்கிட்டே இருந்துச்சு. சரி, சாமி கும்புட்டா தைரியமா இருப்பீங்கன்னு பத்த வெச்சேன்."

நான்தான் வாங்கி வைத்தேன். ஆமாம். பஸ் ஸ்டாண்டு பூக்கடையில், மூன்றாவது வார்ப்பு அன்று காலை. எனக்காக வாங்கவில்லை, நான் வீட்டில் விளக்கேற்றுவதே வெள்ளிக்கிழமை மட்டும்தான், அதுவும் மாமியார் கேட்பார்களே என்று. இருபது நாள் கழித்துத் திரும்பி வருகிறவர் மறுபடி அந்த நெம்புகோலைத் தொட வேண்டுமே, இவருக்கு ஒரு பிடிமானம் வேண்டுமே என்று வாங்கினேன், கொடுக்கும்போது என்ன சொல்வது என்று தெரியாமல் மேசைமேல் வைத்துவிட்டு நோட்டை எடுத்து எழுதுகிற மாதிரி நின்றேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு பாக்கெட் கற்பூரத்தை வைத்தேன். அவர் அதை எனக்காக ஏற்றினார், நான் அவருக்காகக் கும்பிட்டேன், இரண்டு பேரும் எட்டு முறை கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறோம், எங்களுக்கு நடுவே உலைக்குள் துகள்கள் இறங்கிக்கொண்டே இருந்திருக்கின்றன. இதைச் சொன்னேன். உங்களுக்காகத்தான் வாங்கினேன் என்றேன். அவர் தேநீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்று தரையைப் பார்த்தார்.

"அன்னைக்கு அச்சை ஹீட்டர்ல வைக்கல நான்," என்றேன். "வெச்சேன்னு சொன்னது தப்பு. உங்க கால் வெந்தது என்னாலதான். மன்னிச்சுக்குங்க." சொல்லி முடித்ததும் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது என்றெல்லாம் இல்லை, தேநீர் குடிக்க வேண்டும் போல இருந்தது, ஆறிப்போயிருந்ததைக் குடித்தேன். அவர், தெரியும்ங்க மேடம் என்று மட்டும் சொன்னார்.

பன்னிரண்டு ஐந்து. சாருக்குப் போன் போட்டேன். முழுதாகச் சொன்னேன், மேல் துண்டு, அடித் துண்டு, கண் மூடி எடுத்த ஐந்து இடம், கட்டியை ஒதுக்கிப் படம் எடுத்தது, எட்டு வார்ப்பு, மூன்று நிமிஷம். திங்கட்கிழமை எல்லாப் படத்தையும் காட்டப் போகிறேன் சார், கட்டி இருக்கிற படத்தையும் சேர்த்து, கெட்டுப்போன எட்டையும் வரிசையாக, கலக்கி நிறுத்தியதற்கும் வார்ப்பதற்கும் நடுவே நிற்கிற நேரம் துகளை என்ன செய்கிறது என்பதுதான் என் கடைசி அத்தியாயம் என்றேன். கற்பூரத்தைப் பற்றிக் கேட்டால் என்றார். கேட்டால் சொல்வேன் சார். அவர் இருமினார். "நிக்கற நேரம்னு வெறும் வாயில சொன்னா ஒத்துக்க மாட்டாங்கம்மா. நிக்காம ஊத்தின ஒண்ணு புதுசா வேணும். இன்னைக்கே ஊத்திடு. நாளைக்கு அறுத்துத் தேய்ச்சு எண்ணிடு. நானும் வந்து எண்ணறேன்." என் பேப்பர் வெயிட்டையும் அறுத்துட்டியா என்று கடைசியில் கேட்டார். ஆமாம் சார் என்றேன்.

தூள் அடுப்பில் ஏறியாயிற்று. அச்சை நானே ஹீட்டரில் வைத்தேன், வைத்துவிட்டு அறிவழகனைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொன்னேன். அலுமினியக் கட்டிகளை எடை போட்டு மூசையில் அடுக்கினோம். கலக்கி நின்றதும் ஐந்து விநாடிக்குள் நெம்புகோல், அவர் கலக்கியைத் தூக்க வேண்டும், இழுக்கப் போவது நான். இதுவரை ஒரு முறையும் நான் இழுத்ததில்லை, எட்டடி தள்ளி நோட்டோடு நிற்பதுதான் என் வழக்கம். இரண்டு மணி நேரத்தில் உருகிவிடும். முழங்கைவரை கையுறை மாட்டிப் பார்த்தேன், பெரிதாக இருக்கிறது, உள்ளே என் விரல்கள் சில்லென்று ஈரமாக இருக்கின்றன. நிமிர்ந்து பார்த்தேன். அறிவழகன் உலையின் சுவிட்சுப் பலகை பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு என் வார்த்தைக்காக நின்றுகொண்டிருந்தார்.

"எனக்குப் பயமா இருக்கு, அறிவழகன்," என்றேன்.

"எனக்குந்தானுங்க மேடம்," என்று சொல்லிவிட்டு அவர் சுவிட்சைப் போட்டார்.